லாரியில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்துதல்: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

நூல் சிட்டங்களையும் சேலைப் பொதிகளையும் சுமந்து செல்லும் லாரி சங்கத்தின் சொத்து. பருத்தியையும் மஞ்சளையும் விற்பனைக்குக் கொண்டு செல்லும் லாரியும் அவ்வாறே. சங்கத்தின் சொத்து என்றால் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே கண்டுகொள்ளும் நெசவாளரும், கிணற்று மோட்டாரின் ஒலி சற்று மாறினாலும் வரப்பில் நின்றபடியே அறிந்துகொள்ளும் விவசாயியும், லாரியைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும், "அது டிரைவர் பாடு, பட்டறைக்காரர் பாடு" என்று ஒதுங்கிவிடுவதை நாம் பல சங்கங்களில் கண்டிருக்கிறோம். அவ்வாறு ஒதுங்குதல் தகாது. அதனால் விளையும் தீங்கு கணக்குப் புத்தகத்தில் தெரியாது. மனிதர் உடலில் தெரியும். இதை விளக்கவே, லாரியின் கேபினில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தும் முறையைப் பற்றிய இப்பாடத்தை எழுதுகிறோம்.

இக்கருவியைப் பொருத்தும் வேலை அதற்கென அங்கீகாரம் பெற்ற பட்டறையாரின் வேலையே. அங்கத்தினர் தாமே செய்யவேண்டும் என்று நாம் கூறவில்லை. செய்யப்பட்ட வேலை நன்றா, தீதா என்று பார்த்தறியும் கண் அவர்களுக்கு வேண்டும் என்றே கூறுகிறோம்.

1. கருவி யாது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆம் விதி, ஓட்டுநர்கள் 'ஸ்பீடு கவர்னர்' என்று வழங்கும் இக்கருவியைப் பற்றியது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவ்விதி திருத்தப்பட்டது. அதன்படி, 2015 அக்டோபர் 1ஆம் நாள் முதல் உற்பத்தியாகும் போக்குவரத்து வாகனங்கள், விலக்களிக்கப்பட்ட சில வகைகள் நீங்கலாக, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி தடுக்கும் கருவியுடனேயே விற்பனைக்கு வரவேண்டும். டிப்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து ஆகியவற்றிற்கு வரம்பு 60 கிலோமீட்டர். கருவி ஏ.ஐ.எஸ். 018 என்னும் தர அளவைக்கு இணங்கியிருத்தல் வேண்டும். அந்நாளுக்கு முன் உற்பத்தியான பழைய லாரிகளிலோ, கருவியைத் தனியே வாங்கிப் பின்னர்ப் பொருத்தவேண்டிய நிலை ஏற்பட்டது. நம் சங்கங்களுக்குத் தொல்லை விளைந்தது இங்கேதான். ஆலையிலிருந்து வரும் கருவிக்கு, வண்டியை வகுத்தவரே இடம் ஒதுக்கியிருப்பார். பின்னர்ப் பொருத்தும் கருவிக்கு இடம் தேடுபவர், அன்று பட்டறையில் கையில் துளைக்கருவியுடன் நிற்பவரே.

கருவி மூன்று உறுப்புக்களை உடையது. முதலாவது வேக உணர்வி. சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை இது மின் துடிப்புக்களாக அறிவிக்கும். இரண்டாவது கட்டுப்பாட்டுப் பெட்டி. துடிப்புக்களை எண்ணி வேகத்தைக் கணக்கிட்டு, வரம்பு நெருங்கியதும் ஆணையிடுவது இதுவே. மூன்றாவது அவ்வாணையை நிறைவேற்றும் உறுப்பு. பழைய டீசல் எஞ்சினில் இது எண்ணெய்க் குழாயில் அமைந்த வால்வாக இருந்து, எண்ணெய் வரத்தைக் குறைக்கும். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து மின் சைகையே எஞ்சினுக்குச் செல்லும் புது வகை வண்டிகளில், பெட்டி இரண்டிற்கும் நடுவே நின்று, வரம்புக்கு மேற்பட்ட சைகையைத் தடுத்துவிடும்.

உணர்வி கியர் பெட்டியின் பக்கம் இருக்கும். வால்வு எஞ்சின் பக்கம் இருக்கும். நடுவிலுள்ள பெட்டி கேபினுக்குள், ஓட்டுநரோடு உடன் உறைகிறது. ஆதலின் அதன் இடத்தைப் பற்றியே நாம் மிகுதியாகக் கவலைகொள்ள வேண்டும்.

2. கையால் கியர் மாற்றும் வண்டியின் தன்மை

நம் சங்கங்களின் லாரிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் வண்டிகளே. இவற்றை ஓட்டுபவரின் இரு கால்களுக்கும் இடக்கைக்கும் ஓய்வில்லை. இடக்கால் கிளட்சை மிதிக்கும். வலக்கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறிமாறிச் செல்லும். இடக்கை கியர் ராடைத் தள்ளும். குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் நெசவாளருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மிதி முழுதும் இறங்காவிட்டால் இழைகள் விலகா, வழி திறவாது, நாடா ஓடாது. கிளட்ச் மிதியும் அத்தகையதே. அது முழுதும் இறங்கினால்தான் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள பிடி விடும். பிடி முழுதும் விடாவிட்டால் கியர் பற்கள் அரைபடும். விரும்பிய கியர் விழாது. தறியின் குழிக்குள், மிதிகளின்மேல், யாரேனும் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் நெசவாளர் ஒரு நாழிகையும் பொறுப்பாரா?

இவ்வண்டிகளில் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். எஞ்சினின் சுழற்சி ஒன்றாகவே இருக்க, இரண்டாம் கியரில் வண்டி மெல்லச் செல்லும். ஐந்தாம் கியரில் விரைந்து செல்லும். ஆகையால் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு வண்டியின் வேகத்தை அறிய இயலாது. வேக உணர்வி கியர் பெட்டிக்கு அப்பால், சக்கரத்தின் பக்கம் அமைவது இதனாலேயே.

மூன்றாவது செய்தி எல்லாவற்றிலும் முக்கியமானது. இக்கருவி எண்ணெயைக் குறைக்குமே அன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சமதரையில் எண்ணெய் குறைந்தால் வேகம் குறையும். இறக்கத்திலோ, வண்டியை இழுப்பது எஞ்சின் அன்று; சுமையின் பாரமே. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கங்களில், டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் ஒரு பயனும் இல்லை. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி அற்றுவிட்டால், பாரம் முழுவதையும் பிரேக்குகளே தாங்கவேண்டும். அவை சூடேறச் சூடேறப் பிடிப்பை இழக்கும்; காற்றுப் பிரேக்கை அடுத்தடுத்து மிதிப்பதால் தொட்டியின் காற்றும் குறையும். எனவே இறக்கத்தில் ஓட்டுநரைக் காப்பது கியர். கியரைத் தருவது கிளட்ச். கிளட்சைத் தருவது அவர் இடக்கால் தடையின்றிச் சென்றுவரும் வழி.

3. ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், நாம் ஆய்வு செய்துவந்த சங்கங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். சங்கத்தின் பெயரும் பட்டறையின் பெயரும் இங்கே வேண்டா.

லாரியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. நிர்வாகக் குழு மூன்று விலைப்புள்ளிகளைப் பெற்றுக் குறைந்த விலையை ஏற்றது. ஓட்டுநர் தம் தங்கையின் திருமணத்திற்காக ஊருக்குச் சென்றிருந்தார். வேறொருவர் லாரியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரசீதும் சான்றிதழும் கோப்பில் சேர்ந்தன.

அடுத்து அங்கே ஆய்வுக்குச் சென்ற நாம், மூன்று விலைப்புள்ளிகள் உண்டா, தீர்மானம் உண்டா, ரசீது உண்டா என்று பார்த்தோம். யாவும் இருந்தன. சரி என்று குறியிட்டோம். சிக்கனமாகச் செய்திருக்கிறீர்கள் என்று காரியதரிசியிடம் பாராட்டாக ஒரு சொல்லும் சொன்னோம். அன்று லாரி சங்கத்தின் வாயிலிலேயே நின்றிருந்தது. அதன் கதவைத் திறந்து உள்ளே பார்க்கவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை.

பெட்டி, டாஷ்போர்டின் அடியில், கிளட்ச் மிதிக்கு ஒரு சாண் மேலே, மெல்லிய தகட்டில் இரண்டு திருகாணிகளால் மாட்டப்பட்டிருந்தது. பொருத்துபவருக்கு அது வசதியான இடம். படுக்காமல், எதையும் கழற்றாமல் கைக்கு எட்டும். பியூஸ் பெட்டியும் அருகில் உள்ளது. நாளடைவில் குலுக்கலினால் ஒரு திருகாணி கழன்றது, பெட்டி சாய்ந்தது, மிகுந்திருந்த ஒயர் வளையமாகத் தொங்கிற்று. துணிப் பொதிகளோடு ஒரு மலை இறக்கத்தில் வந்த ஓட்டுநர், நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்கக் கிளட்சை மிதித்தார். நான்காம் கியர் கழன்றது. அதற்குள் ஒயர் வளையம் மிதியின் கொண்டியில் சிக்கிக்கொள்ள, மிதி பாதியில் நின்றது. மூன்றாம் கியர் விழவில்லை. வண்டி நியூட்ரலில் விரைவு கொண்டது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே கூவ, கிளீனர் எஞ்சின் மூடியின்மேல் கவிழ்ந்து கையை நீட்டி ஒயரைப் பிடித்திழுத்தார். ஒயர் அறுந்தது, அதே கணத்தில் மிதி அவர் விரல்களின்மேல் இறங்கிற்று. வண்டி சாலையோர மண்மேட்டில் ஏறி நின்றது.

"சரக்குக்குச் சேதமில்லை" என்று விபத்து அறிக்கை கூறியது. அது உண்மையே. அந்தக் கிளீனர் ஒரு நெசவாளர் வீட்டு இளைஞர். லாரிக்கு வேலையில்லாத நாட்களில் தந்தையின் தறியில் அமர்பவர். அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் பின்னர் முன்போல் மடங்கவில்லை. அறுந்த இழையை எடுத்து முடிச்சிட அவரால் இயலவில்லை.

விசாரணையின்போது ஓட்டுநர் எம்மிடம் கூறியது இதுதான்: "பெட்டி மாட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை, ஐயா. மாட்டும்போது என்னைக் கூப்பிட்டிருந்தால், அது என் கால் போய்வரும் வழி என்று சொல்லியிருப்பேன்."

இப்பாடத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியமே. இனிக் கூறுவன யாவும் அதன் விரிவு.

4. இடம் தேர்தல்

துளையிடுவதற்கு முன் ஓட்டுநர் தம் இருக்கையில் அமரவேண்டும். வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரே அமரவேண்டும், வேறொருவர் போதாது. தாம் வழக்கமாக அணியும் செருப்போடு, வழக்கமாக வைக்கும் இருக்கை நிலையில் அமர்ந்து, மூன்று மிதிகளையும் அடிவரை மிதித்துக் காட்டவேண்டும். முதல் கியர் தொடங்கிப் பின்செல்லும் கியர் வரை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டவேண்டும். கைப்பிரேக்கை இழுத்து விடவேண்டும். கதவைத் திறந்து ஏறி இறங்கவேண்டும். இவ்வளவிலும் அவருடைய கால், முழங்கால், கை ஆகியவை செல்லும் வழிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அவற்றிற்கு வெளியே மட்டும் இடம் தேடவேண்டும். ஓட்டுநர்கள் இருவர் எனில் இருவரும் அமர்ந்து காட்டுதல் நலம். உயரமானவரின் முழங்கால் செல்லும் இடம் வேறு.

விலக்கவேண்டிய இடங்கள் சில உள. மிதிகளுக்கு மேலுள்ள பகுதி ஆகாது; காரணம் மேலே கூறினோம். எஞ்சின் மூடியும் ஆகாது; அங்கே சூடு மிகுதி, கியர் ராடும் அதனருகிலேயே ஆடும். தரை ஆகாது, மழைக்காலத்துச் சேறும், கேபினைக் கழுவும் நீரும் அங்கே தேங்கும். முன் கண்ணாடியின் ரப்பர் விளிம்புக்கு நேர் கீழே நீர் கசியும் இடமும் ஆகாது. மோதலில் ஓட்டுநரின் தலையோ முழங்காலோ சென்று இடிக்கக்கூடிய இடமும் ஆகாது.

பொதுவாக ஏற்ற இடங்கள் இரண்டு. ஒன்று, டாஷ்போர்டின் உட்புறத்தில் குறுக்கே செல்லும் இரும்புச் சட்டம். மற்றொன்று, கிளீனர் பக்கத்தில், அவர் முழங்காலுக்கு எட்டாத உயரத்தில் உள்ள உறுதியான பக்கச் சுவர். எவ்விடமாயினும், பெட்டியின் முத்திரையும் எண்ணும் ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்குப் படவேண்டும்; முத்திரையைப் பார்ப்பதற்காக டாஷ்போர்டு முழுவதையும் கழற்றும்படி ஆகிவிடக்கூடாது.

நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் கூடு கட்டப்பட்ட பழைய லாரிகள் பல நம் சங்கங்களில் உள்ளன. அவற்றின் கேபினில் மரமும் தகடும் கலந்திருக்கும். மரத்தில் இறக்கிய திருகாணி குலுக்கலில் துளையை அகலச் செய்து கழன்றுவிடும். அத்தகைய கேபினில் இரும்புச் சட்டத்தைத் தேடியே பொருத்தவேண்டும்.

5. உறுதியாகப் பொருத்துதல்

ஜக்கார்டுப் பெட்டியைத் தறியின் மேலே ஏற்றும்போது எத்தனை முறை ஆட்டிப் பார்க்கிறோம்! மேலே உள்ள பாரம் கீழே அமர்பவர் தலைமேல் இருப்பதால் அவ்வளவு கவனம். லாரியின் பெட்டி சிறியது. ஆயினும் தறி நிற்கும் இடத்திலேயே நிற்கிறது, லாரியோ நாள் முழுதும் குலுங்குகிறது என்பதை மறத்தலாகாது.

வேலை தொடங்கும்முன் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். துளையிடும் தகட்டின் பின்புறத்தைக் கையாலும் விளக்காலும் பார்க்கவேண்டும். அங்கே ஒயர்க்கற்றையோ காற்றுப் பிரேக்கின் குழாயோ செல்லக்கூடும். காற்றுக் குழாயைத் துளைத்தவர், எண்ணெய் விளக்கைத் துணிப் பொதியின்மேல் கவிழ்த்தவரைப் போன்றவர். சேதம் உடனே தெரியாமலும் இருக்கலாம்.

தகட்டில் நேரே இறக்கும் திருகாணி போதாது. ஊடே செல்லும் போல்ட்டும், பின்புறம் ஸ்பிரிங் வாஷரோடு நட்டும் வேண்டும். கழலாத நைலான் நட்டாயின் இன்னும் நன்று. இயன்றால் நான்கு மூலைகளிலும், குறைந்தது மூன்று இடங்களில் பிணைப்பு வேண்டும். கருவி செய்தவர் ரப்பர் அடிகளைக் கொடுத்திருந்தால் அவற்றைத் தூக்கி எறியாமல் இடவேண்டும். பெட்டியின் இணைப்பு முனைகள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மேல்நோக்கி இருந்தால் ஒயர் வழியே இறங்கும் நீர் பெட்டிக்குள் புகும். ஒயரும் பெட்டிக்குச் சற்றுக் கீழே தாழ்ந்து பின்னர் மேலேறி நுழையவேண்டும். நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிப்போகும். துளையின் விளிம்பில் துரு ஏறாதபடி வண்ணம் பூசவேண்டும்.

6. ஒயரும் பியூஸும்

பெரிய லாரிகளில் மின்னழுத்தம் 24 வோல்ட். சிறு சரக்கு வண்டிகளில் 12 வோல்ட். வாங்கும் கருவி எதற்குரியது என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிக் கேட்கவேண்டும்.

மின்சாரம் எடுக்கும் இடத்திற்கு மிக அருகில் பியூஸ் இருத்தல் வேண்டும். பெட்டிக்கு அருகில் பியூஸை வைத்துவிட்டு, நடுவே நீண்ட ஒயரைக் காப்பின்றி விட்டால், அவ்வொயர் எங்கேனும் உரசித் தகட்டைத் தொடும்போது பியூஸ் எரியாது, ஒயரே எரியும். பம்ப்செட் அறையில் மீட்டருக்கு அருகிலேயே பியூஸ்கட்டையை வைப்பதன் காரணமும் இதுவே. கருவி செய்தவர் குறித்த ஆம்பியர் அளவுக்கே பியூஸ் இடவேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட்டுத் தாளையோ சுற்றும் கெட்ட வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பருத்தியும் துணியும் ஏற்றும் வண்டியில் அது தீயைத் தேடி அழைப்பதாகும்.

இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றிவிடுதல் போதாது. கேபின் சூட்டில் டேப்பின் பசை இளகும்; முறுக்கு கழலும். இணைப்பு முனைகளைக் கருவிகொண்டு நெரித்து, சூட்டில் சுருங்கும் உறையை அதன்மேல் போர்த்தவேண்டும். எர்த் இணைப்பை வண்ணம் பூசிய தகட்டில் கொடுத்தல் வீண். உற்பத்தியாளர் அமைத்த எர்த் முனையில், துரு நீக்கிய வெற்று உலோகத்தில் இறுகக் கொடுக்கவேண்டும். எர்த் தளர்ந்தால் கருவி ஒரு நேரம் வேலை செய்யும், மறுநேரம் செய்யாது. அத்தகைய குற்றத்தைக் கண்டுபிடிப்பதே மிகக் கடினம்.

தகட்டை ஊடுருவும் இடம்தோறும் ரப்பர் வளையம் இட்டே ஒயரை நுழைக்கவேண்டும். கியர் ராடைச் சுற்றியுள்ள ரப்பர் உறையின் வழியே ஒயரைக் கொண்டுவருவது எளிது. ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது நசுங்கும். அவ்வழி வேண்டா. புகைக்குழாய்க்கும் கிளட்ச் இணைப்புக்கும் அருகிலும் செல்லலாகாது. சாணுக்கு ஒரு கட்டாக, வண்டியின் பழைய ஒயர்க்கற்றையோடு சேர்த்துக் கட்டவேண்டும். மிகுந்த ஒயரைச் சுருட்டித் தொங்கவிடாமல், அளவாக வெட்டவோ உட்புறத்தில் கட்டி மறைக்கவோ வேண்டும்.

முன்புறம் கவிழ்ந்து திறக்கும் கேபினாயின் மேலும் ஒரு கவனம் வேண்டும். உணர்வியின் ஒயர் அடிச்சட்டத்திலிருந்து கேபினுக்கு ஏறும் இடத்தில், கேபின் முழுதும் கவிழும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு இருக்கவேண்டும். பழைய ஒயர்க்கற்றை ஏறும் அதே கீல் வழியே அதுவும் ஏறவேண்டும். பொருத்திய பின் ஒருமுறை கேபினைக் கவிழ்த்துப் பார்த்தாலன்றி இது தெரியாது.

7. ஏற்றுக்கொள்ளுமுன் சோதனை

எஞ்சினை நிறுத்திய நிலையில், ஓட்டுநர் ஒவ்வொரு மிதியையும் பத்து முறை மிதித்து விடவேண்டும். ஆக்சிலேட்டர் மிதி ஒவ்வொரு முறையும் தானே முழுதும் மேலெழவேண்டும். ஒருமுறை தயங்கினாலும் வண்டியை ஏற்கலாகாது. பின்னர் எல்லாக் கியர்களும் விழுகின்றனவா, விளக்கு, ஹாரன், துடைப்பான் ஆகியவை முன்போல் இயங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். பெட்டியைக் கையால் பிடித்து வலுவாக ஆட்டிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, சுமையின்றி, தக்க சாலையில், பட்டறையார் உடனிருக்க ஓட்டிப் பார்த்து, வரம்பு வேகத்தில் கருவி செயல்படுவதை அறியவேண்டும். எண்ணெய் படிப்படியாகக் குறையவேண்டும், வெட்டினாற்போல் நிற்கலாகாது. வரம்புக்கு மேல் எஞ்சின் இழுக்காது என்பதை ஓட்டுநர் இங்கேயே உணர்ந்துகொள்ள வேண்டும். முன்செல்லும் வண்டியை முந்தும்போது, நடுவழியில் அதை முதன்முதலாக உணர்வது ஆபத்து.

ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். பிற்காலத்தில் வேறு அளவு டயர் மாற்றினாலும், வேக உணர்வியை மாற்றினாலும், கருவியின் கணக்கு பிழைபடும். அங்கீகாரம் பெற்ற பட்டறையில் மறுபடி அளவு சரிசெய்யவேண்டும். முத்திரையை உடைத்து வரம்பை உயர்த்துதல் சட்டத்துக்கு மாறானது. விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் அதனால் சிக்கல் எழ இடமுண்டு.

8. நிர்வாகக் குழுவின் கடமை

விலைப்புள்ளி கேட்கும்போது கருவியின் விலையை மட்டும் கேட்டால், பொருத்தும் வேலை அதன் வாலாகவே வந்து சேரும். பொருத்தும் இடம், பிணைப்பின் வகை, பியூஸின் இடம், ஒரு வாரத்துக்குப்பின் இலவசமாக மறுபார்வை ஆகியவற்றையும் எழுதிக் கேட்டால், யார் விலை குறைவு என்பது வேறாகத் தெரியும். சிக்கனம் கூட்டுறவின் அணி. ஆனால் போல்ட்டுக்குப் பதில் திருகாணி இட்டுப் பெறும் குறைந்த விலை சிக்கனம் அன்று. அந்த மிச்சத்தைப் பிறகு வேறொருவர் தம் கையால் கட்டநேரிடும்.

ஓட்டுநர் இல்லாத நாளில் வேலையைச் செய்யலாகாது என்று தீர்மானத்திலேயே எழுதவேண்டும். வேலை முடிந்ததும், "என் முன்னிலையில் இடம் குறிக்கப்பட்டது, மிதிகளும் கியரும் தடையின்றி இயங்குகின்றன" என்று ஓட்டுநர் கையெழுத்திட்ட தாளை ரசீதோடு இணைத்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். இதற்குச் செலவில்லை, ஒரு தாள் போதும். ஓட்டுநர் சங்கத்தில் சம்பளம் பெறும் ஊழியர்தானே, அவரைக் கேட்டு நாம் முடிவு செய்வதா என்று சில குழுக்களில் தயக்கம் எழுவதுண்டு. நூலின் தரத்தை நெசவாளரைக் கேட்டும், விதையின் தரத்தை விவசாயியைக் கேட்டும் முடிவு செய்வதே நம் இயக்கத்தின் வழக்கம். மிதியின் வழியை மிதிப்பவரைக் கேட்பதும் அவ்வழக்கமே.

எம்மைப் போன்ற ஆய்வாளர்க்கும் இதில் பாடம் உண்டு. ரசீது செலவைக் காட்டும், வேலையைக் காட்டாது. அந்நிகழ்ச்சிக்குப்பின், லாரியுள்ள சங்கத்திற்குச் செல்லும்போதெல்லாம், கோப்பைத் திறக்கும்முன் கேபின் கதவைத் திறந்து பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

படிப்பு வட்டத்திற்குரிய கேள்விகள்

1. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இறக்கத்தில் வண்டியை ஏன் தடுத்து நிறுத்துவதில்லை? நியூட்ரலில் இறங்குவதால் நேரும் தீங்கு யாது?

2. பெட்டியைக் கிளட்ச் மிதியின் மேலே பொருத்துவது பட்டறையாருக்கு வசதியாகத் தோன்றுவது ஏன்? ஓட்டுநருக்கு அது எவ்வாறு கேடாகும்?

3. பியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்திற்கு அருகில் இருக்கவேண்டியது ஏன்? உங்கள் பம்ப்செட் அறையில் அது எங்கே உள்ளது?

4. உங்கள் சங்கத்தின் லாரியில் பெட்டி எங்கே உள்ளது? அடுத்த கூட்டத்திற்கு முன், நெசவாளர் ஒருவரும் விவசாயி ஒருவரும் ஓட்டுநரோடு கேபினில் ஏறி, அவர் மிதிகளை மிதித்துக் காட்டுவதை அருகிருந்து பார்த்து வருக. கண்டதைக் கூட்டத்தில் கூறுக. கூறியதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுக.